முப்பத்தைந்தாவது வினாடி

தூத்துக்குடியில் களவு போவதற்கென்றே சில சாமான்கள் உண்டு. டீசல், மீன்வலை, லாரி பேட்டரி, அசந்த நேரத்தில் பெண்டாட்டி கழுத்துச் சங்கிலி. 'என் பாட்டை யாரோ நாற்பத்தெட்டாயிரம் தடவை கேட்டுவிட்டார்கள், கண்டுபிடித்துக் கொடுங்கள்' என்று ஒருவன் காலங்காத்தாலே வந்து நின்றதை மாசானம் தன் நாற்பத்தாறு வயதில் இப்போதுதான் பார்த்தான்.

"கேட்டா சந்தோஷப்பட வேண்டியதுதான தம்பி?" என்றான். "என் பேச்சை என் வீட்டுக்காரி ஒரு தடவைகூடக் கேக்க மாட்டங்கா. நான் எங்க போயி கேஸ் குடுக்க?"

வந்தவன் சிரிக்கவில்லை. பெயர் ஷாம். மில்லர்புரத்துக்காரன், வயது இருபத்தேழு, தோளில் கிட்டார் பை. முகத்தில் மூன்று நாள் தூக்கமும் மூன்று நாள் தாடியும் பாக்கி இருந்தன.

"உக்காருங்க ஷாம். அண்ணாச்சி அப்படித்தான், பேசலைன்னா மூச்சு முட்டிரும்" என்றாள் விஜிலா.

கிரேட் காட்டன் ரோட்டில், படகு இன்ஜின் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது விஜிலா துப்பறியும் நிலையம். நிலையம் என்றால் இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி, மாசானம். விஜிலா நாசரேத்தில் ஒரு ஆசிரியரின் மகள். முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிக்கிற கேஸ்தான் வரும். மாசானம் ஏரல் பக்கத்து வயல்காட்டுப் பிள்ளை. துறைமுகத்தில் உள்ளே போகிற கன்டெய்னர், வெளியே வருகிற கன்டெய்னரை எண்ணிக் குறிக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தவன். அந்த வேலையை ஒரு ஸ்கேனர் எடுத்துக்கொண்டது. அவன் வாயை எடுத்துக்கொள்ள இன்னும் மெஷின் வரவில்லை.

ஷாம் போனை நீட்டினான். அவனுடைய பாட்டுகளை வாங்கி எல்லாச் செயலிகளிலும் ஏற்றிவிடுகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்த மெயில்.

"மிஷினை வச்சுப் பொய்யாப் பாட்டை ஓடவிட்டுக் கணக்கைக் கூட்டிட்டேனாம் மேடம். யார் செஞ்சதுன்னு இன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள விளக்கம் குடுக்கணும். இல்லைன்னா பதினோரு பாட்டையும் அழிச்சிருவாங்க. ஆறு வருஷ உழைப்பு."

"அதுல வருமானம் நல்லா வருமோ?" என்றான் மாசானம்.

"ஆறு வருஷத்துல வந்ததை வச்சு ஒரு கிட்டாருக்குக் கம்பி மாத்தலாம். ஆறு கம்பியும் முடியாது. நாலு."

யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இது பொரி வறுத்த சட்டியை மோந்து பார்த்த கதையாக இருந்தது. ஷாமின் சாப்பாடு வேறு இடத்திலிருந்து வந்தது. காலையில் பிள்ளைகளுக்குக் கிட்டார் வகுப்பு. சாயந்தரம் கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு. அங்கே பிரியாணிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் அவனைச் சினிமாப் பாட்டு கேட்பார்கள். அவன் சொந்தப் பாட்டை எடுத்தால் பிரியாணியை இன்னும் கவனமாகச் சாப்பிடுவார்கள்.

"அப்ப போனாப் போகுதுன்னு விடேன்."

"விட முடியாது அண்ணாச்சி. எங்க போயி வாய்ப்பு கேட்டாலும் 'லிங்க் அனுப்பு'ங்கான். குரலை யாரும் கேக்கிறதில்ல, லிங்கைத்தான் கேக்கான். அது போச்சுன்னா நான் பாட்டுக்காரனே இல்ல."

விஜிலா மெயிலோடு வந்த அட்டவணையைத் திறந்தாள். 'மூணாம் மைல் மழை' என்கிற ஒரே பாட்டு. மூன்று வாரம். நாற்பத்திரண்டு கணக்குகள், அத்தனையும் தூத்துக்குடி. முப்பத்தைந்தாவது வினாடியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டிருந்தார்கள்.

"முப்பது செகண்டு ஓடுனாத்தான் ஒரு தடவை கேட்டதாக் கணக்கு" என்று விளக்கினான் ஷாம். "என் குரல் நாப்பதாவது செகண்டுலதான் வரும். அதுவரைக்கும் கிட்டார் மட்டும்தான். ஆனா இதுல ஒரே ஒரு ஆளு..." அட்டவணையில் ஒரு வரியைத் தொட்டான். அவன் முகம் சட்டென்று இளகிவிட்டது. "தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்குமேல. இவர் மட்டும் முழுப் பாட்டும் கேக்காரு. திரும்பத் திரும்ப. எனக்குன்னு இந்த ஊர்ல ஒரு ரசிகர் இருக்காரு மேடம். செஞ்சவனைப் பிடிங்க. முடிஞ்சா இவரையும் எனக்குக் காட்டுங்க."

யார்மேல் சந்தேகம் என்றதற்குப் பட்டென்று பதில் வந்தது. "ஜாபேஸ். காசு குடுத்தா லட்சம் பேரு கேட்ட மாதிரி காட்டுதேன்னு வந்தான். வேண்டாம்னேன். 'உன் பாட்டை நாய்கூடக் கேக்காது, பாத்துக்க'ன்னு சொல்லிட்டுப் போனான்."

"நீங்க வீட்டுக்குப் போங்க. பதிலை எழுத ஆரம்பிங்க. பேரை மட்டும் காலியா விட்டு வைங்க" என்று எழுந்தாள் விஜிலா.

* * *

பாளையங்கோட்டை ரோட்டில் ஜாபேஸின் அலுவலகக் கண்ணாடிக் கதவில் 'உங்கள் திறமைக்காக உலகம் காத்திருக்கிறது' என்று எழுதியிருந்தது. காத்திருக்கும் உலகத்துக்கு உள்ளே மூன்று விலை போட்டிருந்தான். வெள்ளி, தங்கம், முத்து. முத்துத் திட்டத்தில் ஒரு லட்சம் 'ரசிகர்கள்'.

"முத்துக் குளிக்கதுக்கு மூச்சடக்கணும்பாவ. இங்க மூச்சே இல்லாத பயலுவதான் குளிக்கானுவ போலிருக்கு" என்றான் மாசானம்.

ஜாபேஸ் அட்டவணையை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு, பெயர் பெற்ற தையல்காரனிடம் யாரோ கோணல் சட்டையைக் காட்டி 'இது நீ தைத்ததா' என்று கேட்டதுபோல அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இதை நான் செஞ்சேன்னு யார் சொன்னது? அசிங்கமா இருக்கு மேடம். நான் ஓடவிட்டா பத்து நாட்டுல ஓடும். முழுப் பாட்டும் ஓடும், கௌரவமா இருக்கும். கஞ்சப்பயன்னா முப்பத்தொண்ணுல வெட்டுவான். இவன் முப்பத்தஞ்சுல வெட்டுதான். நாலு செகண்டு யாருக்கு லாபம்? தொழில் தெரியாத ஆளு. இதை வெளிய காட்டி என் பேரைக் கெடுத்துராதீங்க."

மோசடி செய்கிறவனுக்கு இத்தனை தொழில் பக்தி இருக்கும் என்று மாசானம் எதிர்பார்க்கவில்லை. அட்டவணையைப் பிடுங்கித் தன் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டான். இருபது வருடம் எண்ணிக்கை பார்த்த கண் அது. விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினான்.

"மேடம், இதுல ஷிப்டு இருக்கு."

"என்ன ஷிப்டு?"

"ஒரு கணக்கு சரியா மணி அடிச்சதும் நிக்கும். அந்த நிமிஷமே அடுத்த கணக்கு ஏறிரும். அநேகமா நாள் முழுக்க இப்படித்தான். ஹார்பர்ல ஷிப்டு எட்டு மணி நேரம். ஒரு மணி நேர ஷிப்டை உலகத்துல எந்த யூனியன் வாங்கிக் குடுத்துச்சு?" விரல் இன்னும் கீழே போனது. "அப்புறம் இங்கன ஒரு ஓட்டை. ஞாயித்துக்கிழமை காலையில எட்டரையில இருந்து பத்தரை வரைக்கும் ஒருத்தனும் இல்ல."

"கரண்டு போயிருக்கும்" என்றான் ஜாபேஸ்.

"மூணு ஞாயித்துக்கிழமையும் எட்டரைக்குப் போயி பத்தரைக்கு வந்துச்சா? கரண்டுக்கு எப்பய்யா அவ்வளவு ஒழுக்கம் வந்துச்சு?"

சொந்தக்காரர் யாரையோ எதிர்பாராத இடத்தில் பார்த்துவிட்டவள்போல விஜிலா அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜாபேஸிடம் கேட்டாள்:

"தம்பி, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவியா?"

"தூங்குவேன்."

"அதான் உனக்குத் தெரியல. வாங்க அண்ணாச்சி."

வெளியே வெயில் தார் ரோட்டை வறுத்துக்கொண்டிருந்தது. பைக்கில் ஏறுமுன் விஜிலா சொன்னாள்: "எங்க சபையில சங்கிலி ஜெபம்னு ஒண்ணு உண்டு. யாருக்காவது பெரிய காரியம் ஆகணும்னா ஜெபம் இருபத்துநாலு மணி நேரமும் அறாம ஓடணும். ஆளுக்கு ஒரு மணி நேரம். சார்ட் போட்டுப் பேர் எழுதிருவாங்க. ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவங்க தொடங்கணும். ஞாயித்துக்கிழமை ஆராதனை நேரத்துல மட்டும் எல்லாரும் கோயில்ல இருப்பாங்க."

மாசானம் சாவியைப் போட மறந்து நின்றான். "அப்ப இந்த நாப்பத்திரெண்டு மிஷினும் கோயிலுக்குப் போயிருந்துச்சா?"

"ஆமா. அந்தச் சார்ட் யார் கையில இருக்கோ அவங்கதான் நமக்கு வேணும்."

"சபையில ஆயிரம் வீடு இருக்குமே. எல்லா வீட்டுலயும் போயி சார்ட் இருக்கான்னு கேக்கவா?"

"ரெண்டு மணி வரியைப் பாருங்க. நம்ம ஷாமோட ரசிகர். தினமும் ஏழெட்டு நிமிஷம் லேட். லேட்டா வர்ற ஆளை யாராவது எழுப்பி விடணும்ல? ரெண்டு மணிக்கு யாரு போனை எடுக்காங்கன்னு பாத்தாப் போதும்."

"பாக்கதுக்கு ஒரு வீடு வேணும்லா?"

"முப்பது போதும்னு சட்டம் இருக்கையில, எதுக்கும் இருக்கட்டும்னு அஞ்சு சேத்துப் போட்டது யாரு? பரீட்சை பத்து மணிக்குன்னா எட்டரைக்கே பிள்ளையைப் பள்ளிக்கூட கேட்ல கொண்டு நிறுத்துற பெத்தவங்க. நான் அந்த மாதிரி வீட்லதான் பொறந்தேன் அண்ணாச்சி. மில்லர்புரத்துக்கு, ஷாம் வீட்டுக்கு விடுங்க."

* * *

ஷாமின் அம்மா கிருபை டீச்சர் நாசரேத்தில் முப்பத்தொரு வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். சீப்பால் வாரி அடக்கிய நரைமுடியும் காட்டன் சேலையுமாக இருந்தார். வந்தவர்கள் மகனின் வழக்கைப் பார்க்கிறவர்கள் என்று தெரிந்ததும் மறுபேச்சு இல்லாமல் இலை போட்டுவிட்டார். ஊளி மீன் குழம்பு. மாசானம் கடமையை மறந்தான்.

விஜிலா மறக்கவில்லை. மறுசோறு வாங்கினாள். ரசம் கேட்டாள். மோர் கேட்டாள். நாசரேத்தில் தெரிந்த ஒவ்வொரு ஆசிரியரின் நலத்தையும், அவர்கள் பிள்ளைகளின் உத்தியோகத்தையும் விசாரித்தாள். ஷாம் முன்னறையில் கணினி முன்னால் பதில் எழுதி அழித்து எழுதிக்கொண்டிருந்தான்.

சுவர்க் கடிகாரம் இரண்டைத் தொட்டது. டீச்சர் அண்ணாந்து பார்த்தார். மூன்று நிமிடம் பொறுத்தார். நான்காவது நிமிடம், "மோர்ல உப்பு குறைச்சல், எடுத்துட்டு வாரேன்" என்று போனோடு புறவாசலுக்குப் போனார்.

விஜிலா ஒரு விரலை உயர்த்தினாள். மாசானம் மெல்லுவதை நிறுத்தினான்.

"சார்வாள்!" புறவாசலிலிருந்து குரல் வந்தது. மெதுவாகப் பேசத்தான் நினைத்திருப்பார்; முப்பத்தொரு வருடம் கடைசி பெஞ்சுவரை கேட்கப் பேசிய தொண்டைக்கு அது தெரியவில்லை. "எந்திச்சாச்சா? மணி ரெண்டைத் தாண்டிட்டு. உங்க மணிதான்... அந்தப் பச்சையை அமுக்குங்க... என்னது? சத்தம் கேக்கலையா? கேக்க வேண்டாம் சார்வாள், ஓடுனாப் போதும்!"

முன்னறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. உப்பு டப்பாவோடு டீச்சர் திரும்பி வந்தபோது அடுக்களை வாசலில் ஷாம் நின்றுகொண்டிருந்தான்.

"யாரும்மா அது?"

டீச்சர் மகனைப் பார்த்தார், விஜிலாவைப் பார்த்தார். பிட்டோடு பிடிபட்ட எத்தனையோ பிள்ளைகளை அவர் இப்படி நிற்க வைத்திருக்கிறார். பேசாமல் அலமாரி இழுப்பறையைத் திறந்து ஒரு சார்ட்டை எடுத்து மேஜையில் விரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் மணி, நீல மையில் பெயர். நாற்பத்திரண்டு குடும்பம். முதல் பெயர் அவருடையது.

"ஏன்மா?"

"சாத்தான்குளத்துல இருந்து உன்னை மாப்பிள்ளை பாக்க வந்தாவள்லா. பையன் என்ன வேலை பாக்கான்னு கேட்டாவ. பாட்டுன்னேன். எத்தனை பேரு கேக்காவன்னு பொண்ணோட அப்பா கேட்டாரு. போனைப் பாத்துட்டு உள்ளதைச் சொன்னேன், நூத்திப் பன்னெண்டுன்னு." டீச்சரின் குரல் உடைந்தது. "காப்பியை அப்படியே வச்சிட்டு எந்திச்சிட்டாருலே. தெருவுல தலைகாட்ட முடியல எனக்கு. நீதான ஒருநாள் சாப்பிடையில சொன்ன, முப்பது செகண்டு ஓடுனாத்தான் கணக்குன்னு? லட்சம் ஆயிட்டுன்னா மறுபடி கூப்பிட்டுச் சொல்லலாம்னு சபையார்கிட்ட கேட்டேன். மிஷின் வைக்கலலே. எல்லாம் மனுசங்கதான். அஞ்சு செகண்டு கூடவேதான் போட்டோம்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று மாசானத்தின் நாக்கு நுனிவரை வந்தது. ஷாமின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

"அந்த ரெண்டு மணிக்காரர்?" என்று கேட்டான் ஷாம், மெதுவாக. "முழுப் பாட்டும் கேட்டவரு?"

டீச்சருக்கு அந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று விளங்கவில்லை. "தேவபிரசாதம் சாரா? எங்க பழைய ஹெட்மாஸ்டரு. அவரு போட்டுட்டுத் தூங்கிருவாரு. அது பாட்டுக்கு ஓடும். பாவம், காது மந்தமாகிப் பத்து வருசமாச்சு. போன்ல கத்துனாத்தான் கொஞ்சம் விளங்கும், பாட்டெல்லாம் கேக்காது."

ஷாம் நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கு இருந்த ஒரே ரசிகரும் போய்விட்டார்.

"குரல் வர்றது நாப்பதாவது செகண்டுல" என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. "எல்லாரும் முப்பத்தஞ்சுல நிறுத்திட்டீங்க. நாப்பத்தெட்டாயிரம் தடவை. ஒருத்தர்கூட என் குரலைக் கேக்கல. நீங்களாவது கேட்டீங்களாம்மா?"

"ஒரு மணி நேரத்துல நூறு தடவை வரணும்லா" என்றார் டீச்சர். கணக்கு டீச்சரால் வேறு பதில் சொல்ல முடியவில்லை. "முழுசாக் கேட்டா நூறு எப்படி வரும்?"

மாசானத்துக்கு அந்த வீட்டில் முதல் தடவையாகச் சோறு இறங்கவில்லை.

* * *

விளக்கக் கடிதத்தை டீச்சரே எழுதினார். யார் சொல்லியும் கேட்கவில்லை. நான்கு பக்கம், ஆங்கிலத்தில், பத்திக்கு எண் போட்டு. சங்கிலி ஜெபம் என்றால் என்ன, சாத்தான்குளத்தார் ஏன் காப்பி குடிக்கவில்லை, ரெண்டு மணிக்காரரின் செவித்திறன் எவ்வளவு, எல்லாம் அதில் இருந்தது. மகன் ஒன்றும் அறியாதவன் என்று மூன்று இடத்தில் அடிக்கோடு. சம்பந்தப்பட்டவர்களின் பெயரைக் கேட்ட கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் எழுதினார்.

"மத்த நாப்பத்தொண்ணு?" என்றாள் விஜிலா.

"நான் கூப்பிட்டு வந்தவங்க. அவங்க பேரை நான் குடுக்க மாட்டேன். தப்புக்கு ஒரு பேர் போதும்."

ஷாம் அதைத் தட்டச்சு செய்து, நான்கு முப்பத்தெட்டுக்கு அனுப்பினான். போனைக் கீழே வைப்பதற்குள் அது அதிர்ந்தது. பதில் வந்துவிட்டது. நேரம் நான்கு முப்பத்தெட்டு.

'உங்கள் விளக்கத்தை எங்கள் குழு மிகக் கவனமாகப் படித்துப் பரிசீலித்தது. முடிவில் மாற்றமில்லை.'

"நாலு பக்கம்" என்றான் மாசானம். "படிச்சு, குழு கூடி, பரிசீலிச்சு, முடிவும் எடுத்துட்டானுவ. மிஷின் கேட்டுச்சுன்னு நம்ம மேல கேஸு. இதைப் படிச்சது எதுய்யா?"

"முப்பது செகண்டாவது படிக்கக் கூடாதா அவன்?" என்றார் டீச்சர். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. பேனா பிடித்த விரல் இன்னும் மையாக இருந்தது.

ஐந்து மணிக்குப் பாட்டுகள் போயின. ஷாம் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தான். பதினோரு பாட்டு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஆறு வருடம் அவன் யாருக்கெல்லாமோ அனுப்பிய லிங்க் இனி யாரையும் எங்கேயும் கொண்டுபோகாது. கேஸைத் தீர்த்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள விஜிலாவுக்கு வாய் வரவில்லை. செருப்பைத் தேடினாள்.

"உள்ள போயி அதை எடுத்துட்டு வா" என்றார் டீச்சர்.

"எதை?"

"கிட்டாரை."

"பாட்டு போயிட்டும்மா."

"அவன்கிட்ட இருந்துதானலே போச்சு? உன்கிட்ட இருக்குல்லா? பாடு."

ஷாம் கிட்டாரை எடுத்து வந்து, மீன் குழம்பு வாசம் போகாத அந்த மேஜை முனையில் உட்கார்ந்து முன்வாசிப்பைத் தொடங்கினான். நாலு கம்பி அசைவதற்குள் டீச்சர் கையை உயர்த்திவிட்டார்.

"இது எனக்கு மனப்பாடம். ரெண்டாயிரத்து நூறு தடவை கேட்டாச்சு. இதுக்கு அடுத்து என்ன வருதுன்னுதான் தெரியாது. அங்கன இருந்து ஆரம்பி."

முன்வாசிப்பு இல்லாமல் எங்கே மூச்சை எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை தொடங்கித் தவறினான். மூன்றாவது தடவை குரல் வந்தது. பயிற்சி பெற்ற குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. மழையில் பேருந்துக்கு நின்று, வந்த பேருந்தில் ஏறாமல் திரும்பி நடந்த ஒருவனின் பாட்டு. மாசானம் ஏதாவது நக்கலாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. விஜிலா ஒரு செருப்பை மாட்டியபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பாட்டு முடிந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்தார். பிறகு மகன்மேல் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"ஏலே, நல்லாத்தான இருக்கு! இதைக் கொண்டுபோயி நாப்பது செகண்டுக்கு அந்தப் பக்கம் ஒளிச்சு வச்சா எவன்லே கேப்பான்?"